மணிக்கு ஆறு பக்கம்

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஸ்கேலை வைத்து, வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டு வருகிறார். கோதுமை மாவு, சர்க்கரை, சமையல் எண்ணெய், அனுமதிக்கப்பட்ட நிறமூட்டி. கடைசி வரிக்கு வந்து ‘ம்’ என்று ஒரு சான்றிதழ் கொடுத்த பிறகுதான் பாக்கெட்டைப் பிரிப்பார். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். ஆறின டீயைக் குடித்துக் குடித்தே அவருக்கு ஐம்பத்தாறு வயதாகிவிட்டது.

அச்சகத்தில் எல்லோரும் அவரை ஸ்கேல்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். புத்தகம் அச்சாகும் முன் அதிலுள்ள பிழைகளைப் பார்த்துத் திருத்தும் வேலை. முப்பத்தொரு வருஷமாக அதே மேசை, ஜன்னலோரத்து அதே நாற்காலி, சட்டைப் பையில் எப்போதும் ஆறங்குல எஃகு ஸ்கேல். படிக்கிற வரிக்கு அடியில் அதை வைத்துக்கொள்வார். கீழே இருக்கிற வரி கண்ணில் பட்டுவிடக் கூடாது. பட்டால் கண் அதற்குத் தாவிவிடும், தாவுகிற கண்ணை நம்ப முடியாது என்பது அவருடைய கட்சி.

அவருடைய வேகம் மணிக்கு ஆறு பக்கம். ஏழாவது பக்கத்துக்குப் போய்விட்டால் எங்கேயோ ஏமாந்திருக்கிறோம் என்று திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு புத்தகத்தை மூன்று தடவை பார்ப்பார். முதல் தடவை எழுத்துக்காக, இரண்டாவது வரிக்காக, மூன்றாவது தடவை பக்கத்தின் கடைசி வார்த்தையில் தொடங்கி முதல் வார்த்தை வரை பின்பக்கமாகவே நடந்து வருவார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தால் அவர் கோபித்துக்கொள்வதில்லை. “கதை உள்ள இழுத்துக்கிட்டா பிழை வெளிய தப்பிச்சுடும்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

இப்படி நூற்றுக்கணக்கில் நாவல்களைக் கரைத்துக் குடித்தவரிடம் ஒன்றின் கதையையாவது கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று முழிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மைத்துனன் அப்படித்தான் கேட்டான். இப்போது என்ன புத்தகம் பார்க்கிறீர்கள், என்ன கதை என்று. ஸ்கேல்காரர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, “எரநூத்தி எம்பத்தெட்டு பக்கம். பதினெட்டு பாரம்” என்றார். ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பதினாறு பக்கங்கள்தான் அவர்கள் தொழிலில் ஒரு பாரம். மைத்துனன் கையெடுத்துக் கும்பிட்டான்.

எதையும் அவர் நம்பிப் படிப்பதில்லை. லிஃப்டில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, மருந்துச் சீட்டு, பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பும் காலை வணக்கம், எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். புருவத்தைச் சுருக்கி, உதட்டைக் குவித்து, ‘நீ யார், எங்கிருந்து வருகிறாய்’ என்று விசாரிக்கிற பார்வை. பெரிய எழுத்துகளில்தான் பெரிய பிழை ஒளிந்திருக்கும், ஏனென்றால் அங்கே யாரும் தேட மாட்டார்கள் என்பார். அது உண்மைதான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலண்டரில் ஒரே தேதி இரண்டு கட்டத்தில் வந்து, அது அவருடைய கண்ணிலிருந்தே தப்பித்து, ஐயாயிரம் பிரதி குப்பைக்குப் போனது. “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்” என்று முதலாளி எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், அதை மனைவியிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. சந்தேகம் மட்டும் அவருக்கு இரண்டு மடங்கானது.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவி ஒரு நாளில் ஒரு புத்தகத்தை முடிக்கிறவள்.

காலையில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை அவளுக்கு. உள்ளே ஒருவருக்குப் பல்லைப் பிடுங்கி முடிப்பதற்குள் வெளியே இவள் ஒரு அத்தியாயத்தைப் பிடுங்கிப் போட்டுவிடுவாள். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். மெஷின் ஓடத் தொடங்கும்போது திறக்கிற புத்தகம், துணி காய்ந்து மடிப்பதற்குள் முடிந்து ஃப்ரிட்ஜ் மேல் ஏறிவிடும். திங்களும் வியாழனும் இரண்டு தெரு தள்ளியிருக்கிற லெண்டிங் லைப்ரரிக்குப் போவாள். நான்கைக் கொடுத்து நான்கை எடுத்து வருவாள். ஒரு தடவை மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தபோது ஏழு பாகமாக வந்த ஒரு தொடர்கதையை உட்கார்ந்த இடத்திலேயே முடித்தாள். அந்த மூன்று நாளும் வீட்டில் ரொட்டியும் முட்டையும்தான். ஏன் இந்த ஓட்டம் என்று கேட்டால், “அடுத்தது என்னான்னு தெரியணும்ல” என்பாள். அவளிடம் இருக்கிற ஒரே விளக்கம் அது.

ஸ்கேல்காரர் ஒரு நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து விநாடி. அவர் ஒரு பக்கத்துக்கு எடுத்துக்கொள்வது பத்து நிமிஷம். ஒரே பள்ளியில் படித்து, ஒரே எழுத்துகளைக் கற்றுக்கொண்ட இரண்டு பேருக்குள் இவ்வளவு வித்தியாசம் வர முடியாது. ஆகவே ஒருவர் பொய். அந்தப் பொய் தன்னுடையது இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

“வேகமாப் படிக்கிறவன் படிக்கிறதில்ல, பாக்குறான்” என்று மைத்துனனிடம் சொன்னார். யாரை மனதில் வைத்துச் சொல்கிறார் என்பது அவனுக்குப் புரியாமலா இருக்கும்? போனில் புத்தகங்களை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிற ஆள் அவன். வண்டி ஓட்டும்போது ஒன்று, நடக்கும்போது ஒன்று என்று இந்த வருஷத்தில் மட்டும் அறுபது முடித்துவிட்டதாகப் பீற்றிக்கொள்வான். “மாமா, நீங்க ஒரு புக்க முடிக்கிறதுக்குள்ள அக்கா அஞ்சு எழுதியே முடிச்சுடும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கேல்காரரும் சிரித்தார். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்து அரிக்கத் தொடங்கியது.

முதலில் வாய்மொழியாகத்தான் விசாரித்தார். அவள் முடித்துவிட்டு வைத்த புத்தகத்தை எடுத்துப் புரட்டி, கதாநாயகன் பெயர் என்ன என்று கேட்பார். அவள் தலையைச் சொறிவாள். “பேரா? ஏதோ ஒண்ணு. அந்த நீள மூக்கு வக்கீல். கடைசில பாவம் போய்ச் சேந்துடுறான்.” பெயர் தெரியவில்லை, மூக்கு தெரிகிறது. ஸ்கேல்காரருக்கு இது போதுமானதாக இல்லை. மூக்கு அட்டைப் படத்திலேயே இருக்கிறது.

பிறகு தடயம் தேடினார். இருநூறாம் பக்கத்துக்கும் இருநூற்றொன்றுக்கும் நடுவில் ஒரு துண்டு வெள்ளை நூலை வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் நூலைக் காணோம். புரட்டினாலும் நூல் விழும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இன்னொரு தடவை, அவள் அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து முப்பது பக்கம் முன்னால் நகர்த்தி வைத்தார். அவள் வந்தாள், திறந்தாள், இரண்டு விநாடி பார்த்தாள், சரசரவென்று தள்ளி, விட்ட இடத்துக்குப் போய்விட்டாள். இதுவும் எதையும் நிரூபிக்கவில்லை. படித்தவளும் அப்படிச் செய்வாள், படிக்காமல் தள்ளுகிறவளும் அப்படித்தான் செய்வாள்.

சந்தேகம் ஒரு இடத்தில் நிற்கிற சரக்கு இல்லை. அவள் படிக்கவில்லை என்றால் வாரத்துக்கு இரண்டு தடவை லைப்ரரிக்கு எதற்குப் போகிறாள்? இந்தக் கேள்வி வந்த அன்று ஸ்கேல்காரர் ஒரே பக்கத்தை மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்தார். லைப்ரரிக்காரரை அவர் ஒரு தடவை பார்த்திருக்கிறார். தன்னைவிட நாலைந்து வயது சின்னவர். எல்லாச் சட்டையையும் இஸ்திரி போட்டுத்தான் போடுவார் போலிருக்கிறது. போனில் கூப்பிட்டு, “மேடம், உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், வேற யாருக்கும் குடுக்கல” என்று சொல்கிற ஆள். அவள் அந்த போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் காய் நறுக்கினாள். ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவதுதான் பெரிய ஒளிவுமறைவு என்று அவருக்குப் பட்டது. பெரிய எழுத்து விஷயம் ஞாபகம் வந்தது.

இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளைப் பற்றி இப்படி நினைக்க வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் வேறு, சந்தேகம் வேறு. இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தின.

வாய்ப்பு அச்சகத்தின் கழிவு மூலையிலிருந்து வந்தது. அவர் புரூஃப் பார்த்த அந்த இருநூற்றெண்பத்தெட்டுப் பக்க நாவல் அச்சாகி பைண்டிங்கில் இருந்தது. ஆயிரம் பிரதி தைக்கும்போது ஒன்றிரண்டில் பாரம் மாறிப்போவது எங்கும் நடக்கிறதுதான். பைண்டர் கெட்டிக்காரர், பொறுப்பானவர். அப்படி ஆன ஒரு பிரதியை அவரே கண்டுபிடித்து, பின்னட்டையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கழிவில் எறிந்திருந்தார். ஸ்கேல்காரர் அதை எடுத்துப் பார்த்தார். பத்தாம் பாரம் இரண்டு தடவை வந்திருந்தது. நூற்றி நாற்பத்தைந்திலிருந்து நூற்றி அறுபது வரை ஒரு தடவை, உடனே அதே பதினாறு பக்கம் இன்னொரு தடவை. அதற்குப் பிறகு நேராக நூற்றி எழுபத்தேழு. பதினோராம் பாரத்தைக் காணோம்.

உண்மையாகப் படிக்கிற எவளும் இதைத் தாண்டிப் போக முடியாது. படித்த பதினாறு பக்கமே மறுபடி வந்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். சாக்பீஸ் குறியைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு ஒரு நல்ல பிரதியை எடுத்து, விட்டுப்போன பதினோராம் பாரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். கேள்வி கேட்பதற்கு ஏதாவது வேண்டுமே. அதில் ஒரு அண்ணன், பதினான்கு வருஷம் பேசாமல் இருந்த தம்பியின் கடைக்கு வந்து, வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறான். மூன்று தடவை புரூஃப் பார்த்தபோதும் இப்படி ஒன்று அதில் இருந்ததை அவர் அறியவே இல்லை. அந்தப் பக்கங்களைப் படித்தபோது ஸ்கேல் மேசையிலேயே கிடந்தது. முடித்த பிறகு அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அன்று சாயங்காலம் புத்தகத்தை மனைவியிடம் நீட்டினார். “நான் பாத்த புக்குதான். படிச்சுப் பாரு.”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்கென்று ஒரு புத்தகம் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. அவள் அதைச் சொல்லவில்லை. புத்தகத்தை மோந்து பார்த்தாள், அட்டையைத் தடவினாள், அப்புறம் டீ போட்டு, அவர் எதையும் படிக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கையில் கொடுத்தாள். அன்றைக்கு அவர் சூடான டீ குடித்தார். அது அவருக்கு ருசிக்கவில்லை.

மறுநாள் அவர் வீடு திரும்பியபோது புத்தகம் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது.

“முடிச்சுட்டியா?”

“ம். நல்லா இருந்துச்சு.”

“எல்லாம் சரியா இருந்துச்சா? பக்கம் கிக்கம்?”

அவள் அவரை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கொடியிலிருந்து எடுத்து வந்த துணியைப் பார்த்துக்கொண்டே, “சரியாதான் இருந்துச்சு” என்றாள்.

அடுத்த கேள்வியை முந்தின நாளே தயாராக வைத்திருந்தார். தம்பி கடைக்கு அண்ணன் வந்து மன்னிப்புக் கேட்கிறானே, அந்த இடம் எப்படி இருந்தது?

“உருக்கமா இருந்துச்சு” என்றாள் அவள். ஒரு துண்டை நான்காக மடித்து, பிரித்து, மறுபடியும் நான்காக மடித்தாள்.

கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. இல்லாத பக்கத்தைப் படித்து உருகியிருக்கிறாள். வாங்கி வந்த நூற்றுக்கணக்கான புத்தகமும் வெறும் நாடகம் என்று ஆகிவிட்டது. ஸ்கேல்காரர் ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்த மனிதர் தன் அறைக்குப் போய், விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வரும் போலிருந்தது. தான் சொன்னதே சரி என்று நிரூபணமாவது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அதற்கடுத்த நாட்களில் அவள் நடவடிக்கை மாறியது. அதை அவர் எழுத்தெண்ணிக் கவனித்தார். சாப்பிடும்போது அவர் முகத்தையே பார்ப்பாள், அவர் நிமிர்ந்தால் பார்வையை எடுத்துக்கொள்வாள். கேட்காமலே அவருடைய மேசை விளக்குக்குப் பெரிய பல்பு வாங்கிப் போட்டாள். “கண்ணு எரியுதா? தலைவலி ஏதாவது?” என்று இரண்டு தடவை கேட்டாள். வேலை அதிகமா, முதலாளி ஏதாவது சொன்னாரா என்றும் விசாரித்தாள். தப்புச் செய்தவர்கள் இப்படித்தான் திடீரென்று அன்பாகிவிடுவார்கள் என்று அவர் எங்கோ படித்திருந்தார், எந்தப் புத்தகம் என்று ஞாபகமில்லை. திங்கட்கிழமை நான்கு புத்தகம் எடுத்து வந்தாள். நான்கும் திறக்காமலே கிடந்தன. அவர் தினமும் பார்த்தார். நாடகம் ஆடவும் மனசில்லாமல் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில், க்ளினிக்கில் கூட்டம் அதிகம், வருவதற்கு மூன்று மணியாகும் என்றாள். சொல்லும்போது பையில் எதையோ அழுத்திச் செருகினாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் ஃப்ரிட்ஜ் மேல் பார்த்தார். அவர் கொடுத்த புத்தகம் அங்கே இல்லை.

அன்று ஸ்கேல்காரர் மத்தியானம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டார். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை உற்றுப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் இந்த ஆள் பர்மிஷன் கேட்டு அவர் பார்த்ததே இல்லை.

லைப்ரரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதற்குள் நுழைந்து, தன் அடையாள அட்டையை ஒரு பிரதி எடுக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவள் இருந்தாள். புதன்கிழமை, லைப்ரரி நாளே இல்லை, ஆனாலும் இருந்தாள். மேசை மேல் இரண்டு புத்தகம் விரித்து வைத்திருந்தது. இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு தலையும் ஒன்றாகக் குனிந்திருந்தன. லைப்ரரிக்காரர் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினார், அவள் இன்னொன்றைத் தொட்டாள். பிறகு அவள் சட்டென்று நிமிர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்படி ஒரு சிரிப்பை ஸ்கேல்காரர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கடைக்காரர் பிரதியை நீட்டியபோது அதை வாங்காமலே வெளியே வந்துவிட்டார். எந்தப் பக்கம் நடந்தோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் உற்சாகமாக இருந்தாள். கதவைத் திறந்த வேகத்திலேயே அது தெரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் கேட்டார்.

“இன்னைக்கு எங்க போயிருந்த?”

“லைப்ரரிக்கு.”

“க்ளினிக்னு சொன்ன.”

“பொய்தான் சொன்னேன்” என்றாள். “உக்காருங்க, சொல்றேன். இனிமே சொல்லலாம்.”

அவர் உட்காரவில்லை. அவள் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம், படிக்கிற வேகத்திலேயே சொல்லிக்கொண்டு போனாள். நூற்றி அறுபதுக்குப் பிறகு மறுபடியும் நூற்றி நாற்பத்தைந்து வந்தது. முதலில் தான்தான் தவறிப் புரட்டிவிட்டோமோ என்று நினைத்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். பதினாறு பக்கம் சுத்தமாக இல்லை. அவர் மூன்று தடவை பார்த்து அனுப்பிய புத்தகம். அவர் கண்ணில் இதுகூடப் படவில்லை என்றால் கண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாள். ஆயிரம் பிரதியும் இப்படியே வெளியே போயிருந்தால் முதலாளி என்ன செய்வார் என்பது அவளுக்குத் தெரியாதா? அந்தக் காலண்டர் சமயத்தில் அவர் எப்படி இருந்தார் என்பது அவளுக்குத்தானே தெரியும்.

“நீங்க வந்து எல்லாம் சரியா இருந்துச்சான்னு ஆசையா கேட்டீங்க. என்னன்னு சொல்றது? மன்னிப்புக் கேக்குற எடம்னீங்க, அதுதான் அந்தக் காணாமப்போன பக்கத்துல இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். உருக்கமா இருந்துச்சுன்னு சொல்லி வெச்சேன்.”

லைப்ரரிக்காரரிடம் சொல்லி வேறொரு பிரதி வாங்கி வரச் செய்திருந்தாள். யார் பார்த்த புத்தகம், எதற்காக என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது புதன்கிழமை காலையில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பிரதியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

“அப்பதாங்க எனக்கு உயிரே வந்துச்சு. உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. இந்த ஒரு காப்பி மட்டும்தான் இப்படி. அங்கயே நின்னுக்கிட்டு அந்தப் பதினாறு பக்கத்தையும் படிச்சுட்டேன். நெசமாவே உருக்கமாத்தான் இருக்கு.” அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். “எல்லாம் அந்த பைண்டர் பண்ண வேல. முதலாளிகிட்ட சொல்லி அந்த ஆள ஒரு வழி பண்ணுங்க.”

ஸ்கேல்காரர் இப்போதுதான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. இறங்கின இடத்தில் வேறொன்று ஏறிக்கொண்டது. இவள் வரிக்கு வரி படித்திருக்கிறாள். படித்துவிட்டு, திறக்காத நான்கு புத்தகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவருக்காகப் பயந்திருக்கிறாள். அவர் அவளை ஜெராக்ஸ் கடைக்குள் ஒளிந்து நின்று வேவு பார்த்திருக்கிறார்.

தப்பிக்க வழி இருந்தது, அதுவும் அவளே திறந்து வைத்த வழி. ‘ஆமாம், பைண்டரைக் கேட்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரவுச் சாப்பாடு சந்தோஷமாக முடியும், நாளைக்கு அவள் அந்த நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்காருவாள், எதுவும் நடக்காதது போல் இருக்கும். பைண்டருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அவர் வாயைத் திறந்தார். ஆனால் கண்ணெதிரே தப்பு ஒன்று நிற்கும்போது, அதுவும் தப்பான ஆள் மேல் நிற்கும்போது, அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக அவருக்கு வராது. முப்பத்தொரு வருஷத்தில் வரவில்லை.

“பைண்டர் மேல தப்பில்ல” என்றார். “அவரு பாத்துட்டு, குறி போட்டுக் கழிவுல எறிஞ்சிருந்தாரு. நான்தான் குறிய அழிச்சுட்டு எடுத்துட்டு வந்தேன்.”

“கழிவுன்னு தெரிஞ்சேவா?”

“ம்.”

அவளுக்குப் புரிய எவ்வளவு நேரமாகும்? எப்போதும்போல வெகு சீக்கிரம் புரிந்துவிட்டது. முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, பிறகு போனது.

“நான் படிக்கிறேனான்னு பாக்கவா?”

அவர் தலையாட்டினார்.

“எனக்குன்னு ஆசையா கொண்டுவந்தீங்கன்னு நெனச்சேன்.” இதைச் சொன்னபோது அவள் குரல் உடையவில்லை, உயரவும் இல்லை. மெஷின் இருக்கிற பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. அண்ணன் தம்பியிடம் கேட்டதை நினைத்துப் பார்த்தார். ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை.

அவள்தான் திரும்பிப் பார்த்து மறுபடியும் பேசினாள்.

“இது ஒண்ணுதானா? இதுக்கு முன்னாடியும் ஏதாவது வெச்சீங்களா?”

அவர் இடது கையைத் தூக்கினார். நூல் வைத்தது என்று சொல்லிச் சுண்டுவிரலை மடக்கினார். பஸ் டிக்கெட்டை மாற்றியது, மோதிர விரல். ஒரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்தது, அதற்கடுத்தது. இரண்டு பக்கங்களின் ஓரத்தைப் பசை தொட்டு ஒட்டியது ஆள்காட்டி விரல். அட்டையை மட்டும் மாற்றிப் போட்டு வைத்தது கட்டைவிரல். எதையும் விட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் கண்ணை மூடி யோசித்தார். அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, மடங்கின கையை மடியில் வைத்துவிட்டு, அவர் வலது கையைத் தூக்கினார்.